துணியும் அச்சும்

பெருநாளுக்கு முதல்நாள் மாலையில் கல்முனைக் கரையோரத்து இல்லங்களிற் காணக்கூடிய ஒரு சிறு காட்சியுடன் இப்பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். வெள்ளைப் பருத்தித் தொப்பியைத் துவைத்துக் கஞ்சியில் தோய்த்துப் பிழிந்து, கவிழ்த்து வைத்த ஒரு பாத்திரத்தின் மீது மாட்டி உலர விடுவார்கள். உலர்ந்த பின்னர் அது விறைப்பாக, பாத்திரத்தின் வட்ட வடிவத்தை அப்படியே ஏற்று நிற்கும். மாட்டும் போது ஓரிடத்தில் சுருக்கம் விழுந்திருந்தால், அந்தச் சுருக்கமும் விறைத்துப்போகும். பெருநாள் தொழுகைக்குப் புறப்படும் நேரத்தில் அதனை நீவிச் சரிசெய்ய முடியாது. மறுபடியும் நனைத்துத்தான் ஆகவேண்டும்.

துணி ஒன்று, அதனை இறுகச் செய்யும் பசை ஒன்று, வடிவம் கொடுக்கும் அச்சு ஒன்று. இம்மூன்றும் கூடினால் ஒரு புதுப்பொருள் பிறக்கிறது. இக்காலத்தில் கூட்டுப்பொருள் என்று பொறியியலாளர் கூறுவதும், அடிப்படையில், இந்தக் கஞ்சித் தொப்பிதான். பருத்திக்குப் பதிலாகக் கண்ணாடி நாரையோ கார்பன் நாரையோ நெய்த துணி; கஞ்சிக்குப் பதிலாக இறுகும் பிசின்; பாத்திரத்திற்குப் பதிலாகப் படகின் அச்சு அல்லது விமான இறக்கையின் அச்சு. ஒரே ஒரு வேற்றுமை உண்டு. தொப்பியில் விழுந்த சுருக்கத்தை மறுபடி நனைத்துத் தீர்க்கலாம். படகில் விழுந்த சுருக்கத்தைத் தீர்க்க வழியில்லை. அது கடலுக்குப் போகிறது; அதனுடன் மனிதரும் போகிறார்கள்.

துணி அச்சின் மீது நன்றாகப் படிவதும் படியாமற் போவதும் எதனால்? அதனை நிர்ணயிப்பவற்றுள் முக்கியமானது உராய்வு என்னும் விசை. துணிக்கும் கருவிக்கும் இடையே நிகழும் அந்த உராய்வைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

உராய்வைப் பற்றிப் பாடசாலையிற் கற்கும் விதி மிகப் பழையது. பிரான்சு நாட்டு அமொந்தன் என்பவர் 1699ஆம் ஆண்டில் அதனை எடுத்துரைத்தார். ஒரு பொருளை மற்றொன்றின் மீது இழுக்கும் போது எழும் எதிர்ப்பு, அவற்றை ஒன்றோடொன்று அழுத்தும் சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவ்விதி. சுமை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும். மரப்பெட்டிக்கும் இரும்புக் கட்டைக்கும் இவ்விதி பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் துணி இவ்விதிக்கு முழுவதும் அடங்குவதில்லை. துணியின் மீது சுமையை இரட்டித்தால் உராய்வு கூடுகிறது. ஆயினும் இரட்டிப்பதில்லை, அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது.

ஏன் அப்படி? துணியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால் விளங்கும். நெய்த துணி தட்டையான பரப்பு அன்று. பாவு நூலும் ஊடை நூலும் மேலும் கீழுமாக ஏறி இறங்குவதால், மேடுகளும் பள்ளங்களும் நிறைந்தது. மேடுகள் மட்டுமே அச்சைத் தொடுகின்றன. அந்த மேட்டிலும் ஒரு நூலின் ஆயிரக்கணக்கான நார்களுள் ஒரு சில நார்கள், அவற்றிலும் சிற்சில இடங்களில், அச்சைத் தொடுகின்றன. அழுத்தம் ஏற ஏற மேலும் பல நார்கள் வந்து படிகின்றன. உராய்வு என்பது இந்த உண்மையான தொடுகையைப் பொறுத்தது. கண்ணுக்குத் தெரியும் பரப்பைப் பொறுத்தது அன்று. கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌடன், தேபர் என்னும் இருவர் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கருத்தைப் பொதுவாக நிலைநாட்டினர். கண்ணாடித் தட்டின் மீது கார்பன் நார்க் கற்றைகளை அழுத்தி, எத்தனை நார் எவ்வளவு நீளத்திற்குத் தொடுகிறது என்று அளந்து பார்க்கும் ஆய்வுகள் இந்த நூற்றாண்டில் நடைபெற்றுள்ளன.

அவ்வாய்வுகளால் விளங்கும் ஒன்று நம்மை வியக்கச் செய்யும். அச்சை எவ்வளவு வழுவழுப்பாக்குகிறோமோ அவ்வளவுக்குத் துணி எளிதில் வழுக்கும் என்றே நாம் எண்ணுவோம். எப்போதும் அப்படியன்று. மிகவும் மெருகேறிய பரப்பில் நார் தன் நீளம் முழுவதும் ஒட்டிப் படிந்துகொள்வதால், உராய்வு குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடுவதும் உண்டு. இரண்டு கண்ணாடித் தட்டுகளை ஒன்றன்மீது ஒன்று வைத்தால் பிரிப்பது கடினமாகிறதல்லவா? அது போன்றதே இதுவும்.

நேயர்களே, இவையெல்லாம் ஆய்வுகூடத்துச் செய்திகள். ஆனால் இவற்றின் சாரத்தைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள் எங்கள் கரையிலேயே இருக்கிறார்கள். கல்முனைக்கு வடக்கே அமைந்த மருதமுனை, கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே தறியோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு உராய்வைப் பற்றிப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தறியில் நூல்களை வரிசைப்படுத்துவதும், ஊடை நூலை அடித்து நெருக்குவதும் சீப்பைப் போன்ற ஒரு கருவி. அதற்கும் தமிழில் அச்சு என்றே பெயர். படகுக்கு வடிவம் கொடுப்பதும் அச்சு; துணிக்கு நெருக்கம் கொடுப்பதும் அச்சு. நம் மொழி இவ்விரண்டுக்கும் ஒரே பெயரிட்டது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டிலும் நூல் எதிர்கொள்ளும் சோதனை ஒன்றுதான். ஒவ்வொரு பாவு நூலும் துணியாக மாறுவதற்கு முன்னர் அச்சின் பற்களிடையே நூற்றுக்கணக்கான முறை உரசுகிறது. உராய்வைத் தாங்காத நூல் மயிர்விட்டு அறுந்துபோகும். ஆகையால் நெசவாளர் பாவுக்குக் கஞ்சி போடுகிறார். கஞ்சி, நூலினின்று நீட்டி நிற்கும் சிறு இழைகளைப் படியச் செய்து, அதற்கு ஒரு வழுவழுப்பான மேலுறையை அளிக்கிறது. கஞ்சி குறைந்தால் நூல் உரசி அறும். மிகுந்தால் நூல் விறைத்து ஒடியும். கச்சான் காற்று வரண்டு வீசும் நாட்களில் நூல் அறுதல் மிகும். குழித்தறியின் ஈரம் அப்போது பெருந்துணையாகும். அளவு என்னும் ஞானம் இதுதான்.

கண்ணாடி நாருக்கும் இதே சோதனை உண்டு. அதைவிடக் கடுமையானதும் கூட. 1920ஆம் ஆண்டளவில் கிரிபித் என்னும் ஆங்கிலேய அறிஞர், கண்ணாடியின் வலிமையைக் கெடுப்பவை அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்களே என்று காட்டினார். புதிதாக இழுத்த கண்ணாடி நார் வியக்கத்தக்க வலிமையுள்ளது. ஆனால் அது மற்றொரு நாருடனோ இரும்புக் கருவியுடனோ உரசியதும் கீறல் விழுந்து வலிமை இழக்கத் தொடங்குகிறது. தலைமயிரிலும் பன்மடங்கு மெல்லிய அந்த நாரை எப்படி நெய்வது? அதற்கும் கஞ்சிதான் விடையாயிற்று. நெசவுக்குச் செல்லும் கண்ணாடி நூலுக்கு மாப்பசையும் எண்ணெயும் கலந்த பூச்சு ஒன்றைப் பூசி நெய்து, பின்னர் வெப்பத்தால் அப்பூச்சை எரித்து நீக்கி, பிசினுடன் ஒட்டவல்ல வேறொரு பூச்சைக் கொடுக்கும் முறை ஏற்பட்டது. படகுக்குப் பயன்படும் தடித்த நார்க் கற்றைகளுக்கோ தொடக்கத்திலேயே பிசினுடன் ஒட்டும் பூச்சு கொடுக்கப்படுகிறது. எவ்வாறாயினும், மருதமுனைத் தறியில் நடப்பதையே பேராலைகளும் வேறு பொருளால் நடத்துகின்றன.

இனிப் படகுத்துறைக்கு வருவோம். இலங்கையில் கண்ணாடி நாரிழைப் படகுகள் பரவியது கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில். யாழ்ப்பாணத்துக் காரைநகரில் நோர்வே நாட்டவரின் உதவியுடன் அறுபதுகளின் பிற்பகுதியில் உருவான சீநோர் நிறுவனத்தின் படகுத்துறை அம்முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது. பின்னர் அத்தகைய படகுகள் தீவின் கரையெங்கும் பரவின. எங்கள் பகுதியில் மரத்தோணியின் இடத்தைப் பெரும்பாலும் அவையே பிடித்துக்கொண்டன.

படகு கட்டும் முறை இது. அச்சின் உட்புறத்தில் மெழுகு பூசி மெருகேற்றுவர். அதன்மீது நிறமுள்ள பிசினை ஒரு மேற்பூச்சாகத் தடவுவர். அது சற்று இறுகி, விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கையில், வெட்டிய நார்களாலான பாய் போன்ற விரிப்பையும் நெய்த நார்த்துணியையும் மாறிமாறி வைத்து, பிசினில் நனைத்து, இரும்பு உருளையால் உருட்டிக் காற்றை வெளியேற்றுவர். இறுகிய பின்னர் அச்சிலிருந்து படகைக் கழற்றி எடுப்பர். பார்வைக்கு எளிய வேலை. ஆனால் மூலையில் அதன் சோதனை இருக்கிறது.

படகின் அடிமுதுகு கூரிய பள்ளமாக அமைந்தது. பின்பலகை பக்கங்களுடன் சேரும் இடமும் அவ்வாறே. வேலையாள் துணியை மேல்விளிம்பிலிருந்து விரித்துக்கொண்டு வந்தால், இருபக்கமும் ஈரப் பிசினில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அடிப்பள்ளத்தில் துணி முழுவதும் இறங்க வேண்டுமானால், இருபக்கத்துத் துணியும் வழுக்கி வரவேண்டும். உராய்வு அதனை வரவிடாது. துணி பள்ளத்தின் மேல் ஒரு பாலத்தைப் போல நின்றுவிடும். பாலத்தின் கீழே நார் இல்லை. காற்றோ வெறும் பிசினோ இருக்கும். மேலே பூசிய பிசின் அந்தக் குறையைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடும்.

பக்கங்களில் அழகுக்காகவும் உறுதிக்காகவும் வைக்கும் வரி மடிப்புகள் இத்தொல்லையைப் பெருக்குகின்றன. தூணில் கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் கடற்றொழிலாளி இதன் காரணத்தை அறிவார். ஒரு கயிறு தூணைச் சுற்றும் போது, ஒரு முனையில் நாம் பிடிக்கும் சிறு விசை மறுமுனையில் பெருவிசையைத் தாங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை இதற்குக் கணக்குக் கண்டார். உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்றில் விசை ஏறத்தாழ 6.6 மடங்காகும், மூன்று சுற்றில் 280 மடங்குக்கும் மேலாகும். அதே கணக்கைத் துணிக்குப் பொருத்துங்கள். துணி ஒரு செங்கோண விளிம்பைத் தாண்டி வழுக்க 1.6 மடங்கு விசை வேண்டும். அத்தகைய விளிம்பு இரண்டானால் ஏறத்தாழ 2.6 மடங்கு, நான்கானால் 6.6 மடங்கு. நமக்கு எட்டாத மறுபுறத்துத் துணி ஏன் அசைய மறுக்கிறது என்பது இப்போது விளங்கும். வேலையாளின் கைப்பலம் குறைந்தது அன்று; விளிம்பு ஒவ்வொன்றும் உராய்வைப் பெருக்கிவிடுகிறது.

ஆகவே முறை தலைகீழாக இருக்கவேண்டும். முதலில் துணியை அடிப்பள்ளத்தில் அமர்த்த வேண்டும். அங்கிருந்து பக்கங்களில் மேல்நோக்கி உருட்டிச் செல்ல வேண்டும். தூரிகையை இழுக்கக்கூடாது, குத்திக் குத்தி நனைக்க வேண்டும். இழுத்தால் தூரிகையே துணியைத் தன்னுடன் கொண்டுபோய்விடும். ஈரப் பிசினின் எதிர்ப்பு வேகத்துடன் கூடும் தன்மையது. ஆகவே அவசரமாக இழுக்கும் கைக்கு இணங்காத துணி, நிதானமாக அழுத்தும் கைக்கு இணங்கும். பிசின் இறுகத் தொடங்கிய பின்னரோ எந்தக் கைக்கும் இணங்காது. நம் நாட்டு வெயிலில் அது விரைவில் இறுகும். எனவே வெயில் ஏறுமுன் செய்யும் வேலையே நல்ல வேலை.

இவற்றை நான் ஏட்டில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கரையைத் துடைத்துச் சென்றது. இலங்கையில் ஆகக் கூடிய உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். தோணிகளும் வலைகளும் போயின. அதன்பின் உதவிகள் வந்தன; படகுகளும் வந்தன. அவசரம் பெரிது, படகு கட்ட முன்வந்தோர் பலர், அனுபவமுள்ளோர் சிலர். புதிய படகுகள் பலவற்றின் தரம் போதாதென்பதை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் அப்போதே சுட்டிக்காட்டியது. கண்ணாடி நாரிழைப் படகு கட்டும் முறையை விளக்கும் நூலொன்றும் அந்நிறுவனத்தால் வெளியிடப்பட்டுள்ளது.

அக்காலத்தில் ஒரு வாடைப் பருவத்துக் காலையில், எங்கள் கரையில் ஒரு படகு அடிமுதுகு வெடித்துக் கிடந்தது. ஏறத்தாழ ஓராண்டுப் படகு. எங்கள் கரை துறைமுகக் கரை அன்று; அலையின் மீதேறி வந்து மணலில் மோதித்தான் படகு நிற்கும்; பின்னர் மணலின் மீதே இழுத்து ஏற்றுவர். ஆகவே அடி வாங்குவது அடிமுதுகுதான். அன்று படகிலிருந்த மூவரும் நீந்திக் கரை சேர்ந்தனர், அல்ஹம்துலில்லாஹ். கூடி நின்றவர்களுள் முதியவர் ஒருவர் இருந்தார்; நாற்பதாண்டு தறியில் அமர்ந்தவர். வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே விரல் நுழையும் வெற்றிடம். ஓரத்தில் பிசின் காணாத வெள்ளை நார். அவர் என் பக்கம் திரும்பி, "சேர், இது கடல் செய்த பிழை இல்லை. துணியை மேலே இருந்து வைத்திருக்கிறார்கள், மூலைக்குத் துணி வந்து சேரவில்லை" என்றார்.

"உங்களுக்குப் படகு வேலையும் தெரியுமா, காக்கா?" என்று கேட்டேன்.

"படகு தெரியாது, சேர். துணி தெரியும்" என்றார்.

அந்த விடையை நான் மறக்கவில்லை. அவர் மேலும் ஒன்று காட்டினார். தம் தோளிற் கிடந்த துண்டை எடுத்து, பாவு வழியே இழுத்தார், அது நீளவில்லை. ஊடை வழியே இழுத்தார், அப்போதும் நீளவில்லை. மூலைக்கு மூலை சாய்வாக இழுத்ததும் துண்டு நீண்டு ஒடுங்கியது. "வளைவில் வைக்கும் துணியை இப்படிச் சாய்த்து வைத்தால் அது தானே படியும்" என்றார். சதுரக் கட்டம் சாய்சதுரமாக மாறுவதால் நிகழும் இந்த இணக்கத்தையே, கூட்டுப்பொருள் ஆய்வாளர்கள் துணி வளைபரப்பில் படிவதற்கு முதற் காரணமாகக் கூறுகின்றனர். அந்த இணக்கத்திற்கும் ஓர் எல்லையுண்டு. நூல்கள் ஒன்றையொன்று நெருங்கி முட்டிய பின்னர் துணி மேலும் சாயாது; சுருங்கத் தொடங்கும்.

இதுகாறும் கூறியதிலிருந்து உராய்வு தீமையென்று எவரும் முடிவுகட்ட வேண்டாம். உராய்வே இல்லாவிட்டால் துணி அச்சின் செங்குத்தான பக்கத்தில் நில்லாது சரிந்துவிடும். துணி துணியாக இருப்பதே நூலுக்கும் நூலுக்கும் உள்ள உராய்வினால்தான். பெரிய தொழிற்சாலைகளில் கார்பன் துணியை ஆண் அச்சுக்கும் பெண் அச்சுக்கும் நடுவே அழுத்தி வடிவமைக்கும் போது, துணியின் ஓரங்களை ஒரு சட்டத்தால் வேண்டுமென்றே அழுத்திப் பிடிக்கின்றனர். அந்த உராய்வு துணியைச் சற்று இழுத்துப் பிடிப்பதால் சுருக்கம் விழுவதில்லை. பிடி தளர்ந்தால் சுருக்கம். பிடி மிகுந்தால் நார்க் கற்றைகள் விலகி இடைவெளி காணும், அல்லது அறும். கஞ்சி குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்ற நெசவாளரின் பாடம் இங்கேயும் திரும்ப வருகிறது.

இது சிறு செய்தி அன்று. 2011ஆம் ஆண்டில் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கூட்டுப்பொருளே. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், உலர்ந்த கார்பன் துணிகளை அச்சில் அடுக்கிப் பின்னர் பிசினைச் செலுத்தி விமான இறக்கைகளைச் செய்கின்றனர். இத்தகைய வேலையில் துணி எவ்வளவு வழுக்கும், எத்திசையில் வழுக்கும், எத்தனை அழுத்தத்தில் வழுக்கும் என்பதை அளந்து, கணினியிற் கணிப்பதும் உண்டு. நார் செல்லும் திசை சிறிது மாறினாலும் பாகத்தின் வலிமை மாறும் என்பதே காரணம்.

எங்கள் படகுத்துறைகளுக்கு அத்தகைய கணினிகள் வாய்க்கவில்லை. ஆனால் அக்கணினிக்குப் பதிலாக நிற்கக்கூடிய கைகள் சில வாய்த்திருந்தன. 1977ஆம் ஆண்டின் பின்னர் இறக்குமதித் துணிகள் பெருகியபோது நாடெங்கும் கைத்தறி நலிந்தது. மருதமுனையும் அதற்கு விலக்கன்று. தறியை விட்டு எழுந்தவர்கள் வேறு தொழில் தேடிப் போயினர். துணியறிவுள்ளவர் ஒருபுறம் தொழிலின்றி இருக்க, துணியறிவில்லாதவர் மறுபுறம் கண்ணாடித் துணியை அச்சில் வைத்துக்கொண்டிருந்தனர். இருவருக்கும் இடையிலே தூரம் சில மைல்தான். ஆயினும் இவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கலை படித்து ஆசிரியனாகிய எனக்கும் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இனியேனும் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, படகு வாங்குவோருக்கு. நிறமும் பளபளப்பும் மேற்பூச்சின் குணங்கள்; வலிமை உள்ளே இருக்கிறது. ஒரு நாணயத்தால் அடிமுதுகின் நெடுகிலும் பின்பலகையின் மூலைகளிலும் தட்டிப் பாருங்கள். நன்கு படிந்த இடம் கூர்மையாக ஒலிக்கும். வெற்றிடமுள்ள இடம் மந்தமாக ஒலிக்கும். உட்புறத்தில் நிறம் பூசுமுன் பார்க்க இடமளிக்கும்படி கேளுங்கள். வெள்ளைத் திட்டுகள் பிசின் சேராத இடங்களைக் காட்டும்.

இரண்டாவது, படகு கட்டுவோருக்கு. அச்சின் மூலைகளைக் கூராக விடாது உருட்டி அமையுங்கள். மூலையிலிருந்து தொடங்குங்கள். தடித்த நெய்துணி இணங்காத இடத்தில் வெட்டி மேற்படிய வைத்து, வெட்டு நார் விரிப்பால் நிரப்புங்கள். நாரை ஈரம் படாமற் காத்துவையுங்கள். கடற்காற்றின் ஈரம் ஏறிய நாரைப் பிசின் நன்றாகப் பற்றாது.

மூன்றாவது, என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு. உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் தொழில்நுட்பவியலும் கற்பிக்கப்படுகின்றன. உராய்வுப் பாடத்திற்கு மரக்கட்டையையும் சாய்தளத்தையும் மட்டும் காட்டி நிறுத்திவிடாமல், மாணவர்களை ஒரு நாள் தறியடிக்கும் மறுநாள் படகுத்துறைக்கும் அழைத்துச் செல்வோம். ஒரு துண்டுத் துணியைச் சாய்தளத்தில் வைத்து, பாவு வழியாகவும் ஊடை வழியாகவும் எந்தக் கோணத்தில் வழுக்குகிறது என்று அளக்கச் செய்வோம். இதற்குச் செலவு எதுவுமில்லை. முதிய நெசவாளர் ஒருவர் வகுப்பில் நின்று துணியைச் சாய்வாக இழுத்துக் காட்டினால், அந்த அரைமணி நேரத்தை மாணவர் ஆயுள் முழுவதும் மறவார்.

நேயர்களே, வெடித்த அந்தப் படகை மணலிலேயே பலநாள் விட்டிருந்தார்கள். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் அதன்மீது ஏறி விளையாடினர். அவர்களுட் சிலர் இன்று தாமே கடலுக்குச் செல்லும் வயதினர். அவர்கள் ஏறும் படகின் மூலையில் துணி சேர்ந்திருக்கிறதா என்பதே என் கவலை. அதைச் சேரவைக்கும் அறிவு தூரதேசத்தில் மட்டும் இல்லை. நம் அடுத்த வீட்டுத் தறியிலும் இருக்கிறது. தறிக்காரரும் படகுக்காரரும் ஒருமுறை ஒரே அச்சின் முன் கூடி நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.